நாலாவது மெசேஜ்

எழிலரசிக்குத் தன் போன் மேல் இருந்த நம்பிக்கை, சில பேருக்குக் கட்டின புருஷன் மேல்கூட இருக்காது. இதை அவள் புருஷன் குமரேசனே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறான். சொல்லிவிட்டு, அவனும் எங்கே போவது என்றாலும் அவள் போனைக் கேட்டுத்தான் போவான்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி நாலு கிலோமீட்டரில் அவர்கள் ஊர். இரண்டு ஏக்கர் நிலம், குமரேசனின் அண்ணன் குடும்பத்தோடு பொதுவில் ஒரு கிணறு. அந்தக் கிணற்று மோட்டாருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழிலரசி ஒரு பெட்டி வாங்கி மாட்டினாள். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. '1234 ON' என்று மெசேஜ் போட்டால் மோட்டார் ஓடும், '1234 OFF' என்று போட்டால் நிற்கும். ஒவ்வொரு மெசேஜுக்கும் தவறாமல் ஒரு பதில் வரும். அந்த நம்பருக்குப் போன் செய்தால் ஒரு பெண் குரல் எடுத்து, மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று அட்சரம் பிசகாத தமிழில் சொல்லும். அந்தக் குரலுக்கு மரியாதை கொடுத்து, நம்பரை 'மோட்டாரம்மா' என்று சேமித்து வைத்திருந்தாள்.

குமரேசனின் அண்ணி பச்சையம்மாளுக்கு இது எதுவும் ஆகாது. அவள் பாட்டுக்குக் கிணற்றுக்கு நடந்துபோய், பச்சை பட்டனைத் தன் விரலால் அமுக்கி, தண்ணீர் குபுகுபுவென்று கொட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நகருவாள். பெட்டிக்கு அவள் வைத்த பெயர் 'பேசற பொட்டி'. கை நல்லா இருக்கும்போது போன் எதற்கு என்பது அவள் கட்சி. பட்டன் கிணற்றடியில் இருக்கும், நான் மலையடியில் இருப்பேனே என்பது எழிலரசியின் கட்சி. இரண்டு கட்சிக்கும் ஒரே அடுப்பில்தான் சோறு வெந்தது என்பதால் சண்டை ஒருநாளும் முற்றியதில்லை.

மலையடியில் அவளுக்கு என்ன வேலை என்றால், மல்லாட்டை வியாபாரம். புத்தகத்தில் நிலக்கடலை என்று எழுதுவதை இந்தப் பக்கத்து ஜனங்கள் மல்லாட்டை என்பார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக அண்டா வைத்து, சொந்தக் கொல்லையில் விளைந்ததை உப்புப் போட்டு வேகவைத்து விற்பாள். அவள் அண்டாவைத் திறந்தால் வாசனைக்கே நாலு பேர் நடையை நிறுத்துவார்கள். பக்கத்துக் கடை முன்னி பேகத்துடையது. திருவண்ணாமலை டவுனைச் சேர்ந்தவள். அவள் விற்பது சார்ஜ். பலகையில் வரிசையாகப் பிளக் பாயிண்ட் அடித்து, பேட்டரி செத்த போன்களுக்கெல்லாம் உயிர் கொடுத்து அனுப்புவாள். பௌர்ணமி தவறாமல் மூன்று வருஷமாக இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில்.

அந்தப் பங்குனிப் பௌர்ணமி அன்றைக்கு எழிலரசியின் நெஞ்சு முழுக்க ஊரில்தான் இருந்தது. காரணம், விதை மல்லாட்டை. போன வருஷம் கடையில் வாங்கிய விதை பாதிக்குப் பாதி முளைக்கவில்லை. மகளிர் குழுவில் அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு கொல்லையிலும் சொட்டை விழுந்தது. இந்த வருஷம் குழுக் கூட்டத்தில் எழிலரசி எழுந்து நின்று சொன்னாள்:

"வெத நாமளே வச்சுக்கலாம். ஆளுக்குக் கொஞ்சம் நல்ல காயா பொறுக்கிக் குடுங்க. காய வைக்கறது, காபந்து பண்றது எல்லாம் என் பொறுப்பு."

பதினோரு பேரும் வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்த்து, முத்தினதாகத் தேர்ந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். அத்தனையும் இப்போது அவள் நிலத்தின் கீழ்க்கோடியில், மர நிழல் விழாத கெட்டித் தரையில், தார்ப்பாய் விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு வெயில் பட்டால் போதும், சாயங்காலம் மூட்டை கட்டிவிடலாம். ஆனால் காய்ந்த விதையில் ஈரம் பட்டால் முடிந்தது கதை. இரண்டு நாளில் முளைவிட்டுவிடும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். பன்னிரண்டு குடும்பம் அடுத்த பட்டத்துக்கு என்ன போடும்?

தார்ப்பாய்க்கு மேற்கே நெல் நாற்றங்கால். கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்து, மடை வழியாக நாற்றங்காலுக்குள் திரும்பும். மடையை அடைத்துவிட்டால் தண்ணீருக்கு வேறு போக்கிடம் கிடையாது, நேரே கீழே அந்தக் கெட்டித் தரைக்குத்தான். அதனால் ஏற்பாடு இதுதான்: பத்து மணிக்கு எழிலரசி மலையடியிலிருந்து மோட்டாரைப் போடுவாள். நாற்றங்கால் நிரம்பியதும் பச்சையம்மாள் கிணற்றடியிலேயே மோட்டாரை நிறுத்தி, மடையையும் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். காலையில் எழிலரசி கிளம்பும்போதே பச்சையம்மாள் கேட்டாள், மெசேஜ் வரலன்னா? வரும்கா, இது அஞ்சு ஜி என்று போன மாசம் வாங்கிய போனை எடுத்துக் காட்டினாள் எழிலரசி. அஞ்சோ பத்தோ, வரலன்னா நானே அமுக்கிக்கறேன் என்று பச்சையம்மாள் முடித்துக்கொண்டாள்.

காலை ஒன்பது மணிக்கு மேல் பௌர்ணமி ஆரம்பம் என்று தேவஸ்தானத்தில் நேரம் குறித்திருந்தார்கள். நேரம் பார்த்துக் கிளம்பின ஜனம் பத்து மணிக்கெல்லாம் அடி அண்ணாமலையை அடைத்துக்கொண்டது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் மலையைப் படம் பிடித்தார்கள், தன்னையும் பிடித்தார்கள், பிடித்ததை உடனே நாலு ஊருக்கு அனுப்பினார்கள். பிள்ளையைக் காணோம் என்று ஒருத்தி போன் போட்டாள், வழி தெரியாமல் ஒருவன் மேப் பார்த்தான். லட்சம் பேர் ஒரே குழாயில் வாயை வைத்தால் என்ன ஆகும்? எழிலரசியின் திரையில் 5G என்று கம்பி நிறைய நின்றது. உள்ளேதான் ஒன்றும் ஓடவில்லை.

'1234 ON' போட்டாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டாள். பதில் இல்லை. மூன்றாவது தடவை. கட்டைவிரலுக்கு என்ன தெரியும், நாலாவதும் அமுக்கிவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கிறவன் பத்து தடவை ரோட்டை எட்டிப் பார்த்தால் பஸ் என்ன வேகமாகவா வரும்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் ஆணுக்குச் சொன்னாலும் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் சொன்னார்கள். போகட்டும், அக்கா இருக்கிறாள் என்று விட்டுவிட்டு அண்டாவைக் கிளறப் போனாள்.

பன்னிரண்டரைக்கு எப்படியோ ஒரு போன் கால் நெரிசலில் உள்ளே நுழைந்தது. பச்சையம்மாள்தான். தண்ணி பாய்ச்சிவிட்டேன், மோட்டாரை நிறுத்திவிட்டேன், மடையை அடைத்துவிட்டேன், உன் பேசற பொட்டி இன்னிக்கு வாயே திறக்கல என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டாள். எழிலரசிக்கு அந்த ஏளனம்கூட இனித்தது. நாற்று குடித்தது, விதை காய்கிறது. வேறென்ன வேண்டும்?

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். காகிதப் பொட்டலத்தில் மல்லாட்டையை அள்ளிக்கொண்டிருந்தபோது போன் டிங் என்றது. மறுபடி டிங். மறுபடி டிங். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். மோட்டாரம்மாவிடமிருந்து மூன்று பதில்.

'மோட்டார் ஓடுகிறது.'

'மோட்டார் ஏற்கனவே ஓடுகிறது.'

'மோட்டார் ஏற்கனவே ஓடுகிறது.'

காலையில் கிளம்பின மெசேஜுகள் ஐந்து மணி நேரம் எங்கேயோ கிடந்துவிட்டு இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கின்றன. சொன்ன சொல் தட்டாத வேலைக்காரி மாதிரி மோட்டாரும் ஓட ஆரம்பித்துவிட்டது. மடை அடைத்திருக்கிறது. கிணற்றிலிருந்து கீழ்க்கோடி வரை வாய்க்காலில் தண்ணீர் போய்ச் சேர இருபது நிமிஷம் பிடிக்கும். மண்வெட்டியோடு தண்ணீர் கூடவே எத்தனையோ தடவை நடந்தவள் அவள், கணக்கு பிசகாது.

எழிலரசி பொட்டலத்தைக் கீழே வைத்தாள். பச்சையம்மாளைக் கூப்பிட்டாள். லைன் போகாமலே அறுந்தது. குமரேசன் யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு வேனோடு ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான், அவனுக்கும் போகவில்லை. மோட்டாரம்மாவையே கூப்பிட்டாள். அதுவும் அறுந்தது. பஸ் பிடித்துப் போகலாம் என்றால் இந்தக் கூட்டத்தை நீந்தி வெளியே போகவே ஒரு மணி நேரம் ஆகும். கட்டைவிரல் தன்னால் OFF மெசேஜ் பக்கம் போனது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். காலையில் செய்த கூத்து போதும். இந்த வழியில் இன்னொரு மெசேஜை அனுப்பினால் அது விடிந்த பிறகு போய்ச் சேரும்.

முகத்தைப் பார்த்தே என்னமோ நடந்துவிட்டது என்று முன்னி பேகம் புரிந்துகொண்டாள். என்னவென்று கேட்டாள். எழிலரசி இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். அப்போது முன்னியின் பலகையில் ஒரு போன் கணீரென்று அடித்தது. நாற்பது போன் வரிசையாகக் கிடக்கிற பலகையில் அடித்தது அது ஒன்றுதான், ரப்பர் பேண்டு போட்ட ஒரு பழைய பட்டன் போன். அதன் சொந்தக்காரப் பெரியவர் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எடுத்து, நான் அடி அண்ணாமலையாண்ட உக்காந்துனு இருக்கேன், நீ பொறுமையா வா என்று மகளிடம் நிதானமாகப் பேசி வைத்தார்.

"காலையிலேர்ந்து அது ஒண்ணுதான் அடிச்சினே கீது" என்றாள் முன்னி. "மத்ததெல்லாம் இன்னா வெல குடுத்து வாங்கனதோ, கம்முனு படுத்துனு கீது."

எழிலரசி அந்தப் பட்டன் போனையே பார்த்தாள். லட்சம் பேரும் பெரிய தெருவில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சந்து காலியாகக் கிடக்கிறது. நாலு ஜி, ஐந்து ஜி என்று எல்லாரும் பெரிய தெருவில். பட்டன் போன் போகிற இரண்டு ஜி சந்தில் ஈ காக்கை இல்லை. மோட்டார் பெட்டிக்குள் இருக்கிற சிம்மும் அதே சந்தில் குடியிருக்கிறதுதான், பெட்டி மாட்டின அன்றே சொல்லியிருந்தார்கள்.

செட்டிங்ஸைத் திறந்தாள். நெட்வொர்க் என்று இருக்கிற இடத்துக்குள் போய், 5G-யில் நின்ற புள்ளியை 2G-க்கு இறக்கினாள். கம்பிகள் எல்லாம் மறைந்து, ஒன்றுமில்லாமல் போய், மெதுவாக இரண்டு கம்பி வந்து நின்றது. ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்து வாங்கின போனைப் பட்டன் போன் ஆக்கியாயிற்று. மோட்டாரம்மாவைக் கூப்பிட்டாள்.

ரிங் போனது.

"வணக்கம். மோட்டார் ஓடுகிறது. நிறுத்த, இரண்டை அழுத்தவும்."

இரண்டை அழுத்தினாள். ஒரே ஒரு தடவை.

"மோட்டார் நிறுத்தப்பட்டது. நன்றி."

எழிலரசி மணியைப் பார்த்தாள். மூன்று அடித்து மூன்று நிமிஷம். பதிமூன்று நிமிஷம் ஓடியிருக்கிறது. வாய்க்காலில் ஏற்கனவே இறங்கின தண்ணீர் அதுபாட்டுக்குக் கீழே போகும். எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்த வாய்க்கால்தான் சொல்ல வேண்டும். முன்னி ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். வாங்கி வாயில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"முன்னிக்கா, நான் காலையில நாலு வாட்டி அமுக்கனேன். பதில் மூணுதான் வந்துகீது."

போனைத் திறந்து சரிபார்த்தாள். நாலு மெசேஜும் போய்விட்டதாகத்தான் காட்டியது. அப்படியானால் நாலாவது 'ஆன்' இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை, நடுவில் வானத்தில் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் போய் இறங்கும். இறங்கினால் மோட்டார் மறுபடி ஓடும். அழித்துவிடலாம் என்றால் தன் போனில்தான் அழிக்க முடியும், வானத்தில் அழிக்க முடியாது. சாயங்காலம் மூட்டை கட்டுகிற வரைக்கும் கண்கொத்திப் பாம்பு போல உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நெட்வொர்க்கை நம்பிக் காவல் உட்கார்ந்த லட்சணத்தைத்தான் காலையிலிருந்து பார்க்கிறோமே.

கொட்டின வார்த்தையை அள்ள முடியாது. கேட்கிறவள் காதை மூடலாம் இல்லையா? எழிலரசிக்கு அந்த இடத்தில் மூளை நன்றாக வேலை செய்தது. வானத்தில் சுற்றுகிற அந்த மெசேஜில் என்ன எழுதியிருக்கிறது? '1234 ON'. பெட்டி முதலில் பார்ப்பது அந்த 1234-ஐத்தான். அந்தக் கடவுச்சொல்லையே மாற்றிவிட்டால்? வாங்கின நாளிலிருந்து மாற்றாமல் சோம்பேறித்தனமாக விட்டுவைத்திருந்த 1234. பெட்டியோடு வந்த அட்டையில் படித்தது நினைவிருந்தது. பழைய எண், அதன் பக்கத்தில் புது எண், அவ்வளவுதான். புது எண் என்ன போடுவது என்று நிமிர்ந்தாள். எதிரே மலை நின்றது. போட்டாள். அனுப்பினாள். ஒரே தடவை.

பதிலுக்குக் காத்திருந்த ஒன்றரை நிமிஷம், முன்னி பேகம் இரண்டு பேருக்குப் போனைத் திருப்பிக் கொடுத்தாள், எழிலரசி மூச்சையே விடவில்லை. நாலாவது முந்துமா, இது முந்துமா? டிங். 'கடவுச்சொல் மாற்றப்பட்டது.'

அதற்குப் பிறகு அவள் மல்லாட்டை விற்றாள். கை அள்ளியது, வாய் விலை சொன்னது, மனசு கீழ்க்கோடியில் கிடந்தது. பயமாகத்தான் இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்கிற தெம்பும் கூடவே இருந்தது. நனைந்திருந்தால் பதினோரு வாசலிலும் ஏறி நின்று, நான்தான் அவசரப்பட்டேன் என்று தன் வாயால் சொல்வது என்று முடிவு செய்துகொண்டாள். நெட்வொர்க் மேல் பழி போட்டுத் தப்பிக்கக் கூடாது. நெட்வொர்க்கா நாலு தடவை அமுக்கியது? பச்சையம்மாளுக்கு இரண்டு தடவை போன் அடித்தாள், இரண்டு தடவையும் நன்றாகவே ரிங் போனது. எடுக்கத்தான் ஆளில்லை. வீட்டில் ஆணியில் மாட்டின பைக்குள் இருக்கும் அது.

ஐந்து மணிக்குப் பச்சையம்மாள் கூப்பிட்டாள். குரல் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி தெளிவாக இருந்தது.

"நான் மோட்டார நிறுத்திட்டு வந்தேனே, வாய்க்கால்ல எப்படிடி தண்ணி வந்துச்சு? மூட்ட கட்டலாம்னு வந்து பாக்கறேன், ஈரம் தார்ப்பாயாண்ட வந்து நிக்குது."

"காய் நனஞ்சுடுச்சாக்கா?"

"ரெண்டு ஜாண் இருக்கு. அங்கியே நின்னுடுச்சு. ஒரு காய்கூட நனையல."

எழிலரசி அப்படியே அண்டா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, சிரிப்பும் வந்தது. பிறகு ஒன்று விடாமல் சொன்னாள், நாலு தடவை அமுக்கினதிலிருந்து கடவுச்சொல் மாற்றினது வரைக்கும். அப்போ மூட்டை கட்டும் முன்னால் அந்தப் பொட்டியை ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று பச்சையம்மாள் போனும் கையுமாகக் கிணற்றடிக்கு நடந்தாள். நடக்கிற சத்தம் கேட்டது. மோட்டார் கொட்டகைக் கதவு திறந்தது.

"எழிலு" என்றாள் பச்சையம்மாள், குரலைத் தாழ்த்தி. "பொட்டி கீச்சுனு கத்துது. செவப்பு லைட்டு எரியுது. மோட்டார் ஓடல."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எழிலரசியின் காதருகே டிங் என்றது. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மோட்டாரம்மா.

'தவறான கடவுச்சொல். கட்டளை ஏற்கப்படவில்லை.'

நாலாவது வந்து சேர்ந்துவிட்டது. காலையில் பத்து மணிக்குக் கிளம்பி, இருபது சொச்சம் கிலோமீட்டர் தூரத்தை ஏழு மணி நேரத்தில் கடந்து, வாசலில் நின்று, யார் நீ என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது. எழிலரசி அதைப் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் பச்சையம்மாள் சிரிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு வருஷத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"நல்லாத்தான் வளத்து வச்சுகீற. மொதலாளி சொன்னாகூட முடியாதுன்னுது பாரு." பிறகு கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள், "அந்தப் புது நம்பர எனக்கும் சொல்லி வையேன். ஒனக்கு லைன் கெடைக்கலன்னா நான் பேசிக்கறேன் அது கூட."

இதைக் கேட்கத்தான் எழிலரசி இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள் போல. ஆனால் சுற்றிலும் ஆயிரம் காது. நம்பரை வாய்விட்டுச் சொல்ல முடியாது.

"நம்ம மல எத்தினி அடி ஒசரம்கா?"

"ரெண்டாயிரத்து அறுநூத்து அறுவத்தெட்டு." பச்சையம்மாள் யோசிக்கவே இல்லை.

"அதான்கா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் முன்னி பேகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அந்த நம்பர் தெரியுமே, இதுவா உன் ரகசியம் என்றாள். எழிலரசிக்கு அப்போதுதான் உறைத்தது. மலையைப் பார்த்தாள். வெயில் இறங்கி மலை சிவந்துகொண்டிருந்தது, அதைச் சுற்றி ஜனம் போய்க்கொண்டே இருந்தது.

"நாளைக்கு மாத்திக்கறேன்க்கா" என்றாள். "இன்னிக்கு ஒரு நாள் அவரே காவல் இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அண்டா மூடியைத் திறந்தாள். நடந்துகொண்டிருந்தவர்களில் நாலு பேர் நின்றார்கள்.